பால்கனி ஸ்லைடிங் கதவுக்கு மோட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிலிருந்து பால்கனிக்கோ தோட்டத்துக்கோ போகும் கண்ணாடி ஸ்லைடிங் கதவைத் தானாகத் திறந்து மூட வைக்க முடியுமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். விளக்கு, விசிறி, ஏசி எல்லாம் போனுக்குள் வந்தாகிவிட்டது, அடுத்து கதவு. தாராளமாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வீட்டுக்குள் ஆட்களுக்கு நடுவே நகரும் கனமான கண்ணாடி. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் பாதுகாப்பைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எனக்கு மோட்டார் அவசியமா?

பெரும்பாலான வீடுகளுக்கு அவசியமில்லை. "கதவு மூடியிருக்கிறதா என்று ஆபீஸிலிருந்து தெரிய வேண்டும்", "கதவைத் திறந்து போட்டுவிட்டு ஏசி ஓடுகிறது", "ராத்திரி பூட்ட மறந்துவிடுகிறோம்" என்பதுதான் உங்கள் தலைவலி என்றால் ஒரு கான்டாக்ட் சென்சார் (கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லும் சின்னக் கருவி) போதும். கதவு மூன்று நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் ஐஆர் பிளாஸ்டர் (ஏசி ரிமோட்டைப் போலவே சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டி) வழியாக ஏசியை அணைக்கச் சொல்லலாம். இரவு பத்து மணிக்குத் திறந்திருந்தால் போனுக்குச் செய்தி வரச் செய்யலாம். செலவும் சில ஆயிரங்களைத் தாண்டாது.

மோட்டார் நிஜமாகவே தேவைப்படுவது கையால் தள்ள முடியாதவர்கள் இருக்கும் வீட்டில். மூட்டுவலியில் அவதிப்படுபவர்கள், வீல்சேரில் இருப்பவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை சரியாக இயங்காதவர்கள். அவர்களுக்கு இது ஆடம்பரச் செலவே அல்ல.

சென்சாரை எங்கே ஒட்டுவது?

கான்டாக்ட் சென்சாருக்குள் இருப்பது ரீட் ஸ்விட்ச் (காந்தம் கிட்டே வந்தால் இயங்கும் ஸ்விட்ச்), கூடவே தனியாக ஒரு காந்தம் வரும். கதவு போய் முட்டும் பக்கத்து நிலையில் சென்சாரையும், கதவின் முன்விளிம்பில் காந்தத்தையும் ஒட்டுங்கள். இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். யுபிவிசி கதவு வெளியே பிளாஸ்டிக்காகத் தெரிந்தாலும் சட்டத்துக்கு உள்ளே இரும்புக் குழல் ஓடும். காந்தத்தின் வீச்சை அது குறைத்துவிடும். "மூடினாலும் திறந்திருக்கு என்றே காட்டுகிறது" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

மோட்டார் வைக்கப் போகிறீர்கள் என்றால் முழுதாகத் திறந்த நிலைக்கும் இன்னொரு சென்சார் வையுங்கள். "மூடவில்லை" என்பதும் "திறந்துவிட்டது" என்பதும் வேறு வேறு. பாதியில் நின்ற கதவு இரண்டிலும் சேராது.

என் கதவு மோட்டாருக்கு ஏற்றதா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எடை. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. 1.2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம், 6 மி.மீ. கண்ணாடி என்றால் சுமார் 38 கிலோ. சட்டத்தையும் சேர்த்தால் ஐம்பதை நெருங்கும். அதே அளவில் 5 மி.மீ. இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடி மட்டுமே 63 கிலோ.

எடையைவிட முக்கியமானது உராய்வு. பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு இருக்கிறதே, விமானப் பயணத்துக்கு முன் எல்லோரும் தேடுவார்களே, அதைக் கைப்பிடியில் மாட்டிக் கதவை மெதுவாக இழுங்கள். நகரத் தொடங்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது, ஓடும்போது எத்தனை என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ட்ராக்கின் ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடத்திலும் பாருங்கள். 3 கிலோவுக்குள் இருந்தால் கதவு நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். 6, 7 காட்டினால் மோட்டார் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு ரோலரை, அதாவது கதவு உருண்டு ஓடும் சின்னச் சக்கரங்களைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மோட்டாருக்குத் தடை எது, உராய்வு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஏதோ எதிர்க்கிறது என்பதை மின்னோட்டம் ஏறுவதை வைத்துத்தான் அது உணர்கிறது. கதவு நகரவே 7 கிலோ விசை வேண்டும் என்றால், "தடை வந்தால் நில்" என்ற எல்லையை 7 கிலோவுக்கும் மேலேதான் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் கதவு பாதி வழியில் தானாக நின்றுவிடும். அப்படி வைத்த கதவு, குறுக்கே ஒரு குழந்தையின் கை இருந்தாலும் அந்த 7 கிலோவைத் தாண்டி அழுத்திய பிறகுதான் நிற்கும். 2 கிலோவில் ஓடும் கதவுக்கு எல்லையை 4 கிலோவில் வைக்கலாம். ஆகவே ட்ராக்கைச் சுத்தம் செய்வதும், தேய்ந்த ரோலரை மாற்றுவதும் பாதுகாப்பு வேலையின் முதல் படி.

எந்த வகை மோட்டார்? கர்ட்டன் மோட்டாரை வைத்தே ஒப்பேற்ற முடியாதா?

வேண்டாம். துணி எங்காவது மாட்டினால் மடங்கிக்கொள்ளும், கண்ணாடி மடங்காது. ஓடும் கதவை நிறுத்தும் வேலைக்கும் குறுக்கே ஆள் இருப்பதை உணரும் வேலைக்கும் கர்ட்டன் மோட்டார் செய்யப்படவில்லை.

பல் பெல்ட்டோடு வரும் ஆபரேட்டர்தான் என் தேர்வு. கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கும் தானியங்கிக் கதவுகளில் மேலே ஒரு நீளப் பெட்டி இருக்குமே, அதன் வீட்டு வடிவம். மின்சாரம் இல்லாதபோது கையால் தள்ளினால் பெல்ட்டும் கூடவே வழுக்கி வரும். பல் சட்டமும் பல் சக்கரமும் கொண்ட வகையும் கிடைக்கிறது. கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் ஏற்கெனவே உள்ள கதவில் மாட்டுவது எளிது. திருகுத்தண்டு வகையையும் லீனியர் ஆக்சுவேட்டரையும் (தண்டு நீண்டு சுருங்கித் தள்ளும் வகை) நான் பரிந்துரைப்பதில்லை. மின்சாரம் போனால் கையால் அசைக்கவே முடியாது. தீ விபத்து மாதிரி ஒரு அவசரத்தில் பால்கனிப் பக்கம் போக வேண்டி வந்தால் அந்தக் கதவு சுவர்தான்.

மாட்டும்போது கீழ் ட்ராக்கில் துளை போட விடாதீர்கள். மழைநீர் வெளியே வடிய அங்கே சின்ன வடிகால் துளைகள் இருக்கும். அதை அடைத்தாலோ, புதுத் துளை போட்டாலோ தண்ணீர் ஹாலுக்குள் வரும். திருகு போட வேண்டிய இடம் மேல் சட்டம், அல்லது அதற்கும் மேலே சுவர்.

எவ்வளவு வேகம் வைக்கலாம்?

கடைக் கதவின் வேகம் வீட்டுக்கு ஆகாது. குறைந்த ஆற்றலில் இயங்கும் கீல் கதவுகளுக்கு அமெரிக்காவின் ஏ156.19 விதிமுறை ஓர் எல்லை வைத்திருக்கிறது: நகரும் கதவின் இயக்க ஆற்றல் 1.69 ஜூலைத் தாண்டக் கூடாது. ஸ்லைடிங் கதவுக்காக எழுதப்பட்டது இல்லைதான், இருந்தாலும் வீட்டுக்கு இதையே அளவுகோலாக எடுத்துக்கொள்வது நல்லது. கணக்குப் போட்டால் 50 கிலோ கதவுக்கு வினாடிக்கு 26 சென்டிமீட்டர், 80 கிலோ கதவுக்கு வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வருகிறது. ஒரு மீட்டர் திறக்க நான்கைந்து வினாடி ஆகும். நின்று பார்க்கும்போது மந்தமாகத் தோன்றும். அந்த மந்தம் இருக்கட்டும். மூடும்போது கடைசி பத்து, பதினைந்து சென்டிமீட்டரில் இன்னும் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், விரல் நசுங்குவது அங்கேதான்.

ஸ்மார்ட் ஹோமோடு எப்படி இணைப்பது?

ஆபரேட்டரின் கன்ட்ரோலர் போர்டில் ஸ்விட்ச் இணைக்க இரண்டு டெர்மினல் இருக்கும். அந்த இரண்டையும் ஒரு நொடி சேர்த்து விட்டால் கதவு திறக்கும், காலிங் பெல் பட்டனை அழுத்துவது போல. உங்களுக்கு வேண்டியது அந்த வேலையைச் செய்யும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்.

இங்கே எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டிய வார்த்தை "ட்ரை கான்டாக்ட்". சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வைஃபை ஸ்விட்சுகள் பலவும் உள்ளே வரும் 230 வோல்ட்டை அப்படியே வெளியே அனுப்புபவை. அதைக் கொண்டுபோய் இந்த டெர்மினலில் இணைத்தால் கன்ட்ரோலர் போர்டு அந்த நிமிடமே போய்விடும். ஷெல்லி 1 போன்ற வைஃபை ரிலேக்களில் ரிலேயின் இரண்டு முனையும் மின்சாரம் கலக்காமல் தனியாக இருக்கும். அந்த ரகம்தான் வேண்டும்.

அமைப்புகளில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ரிலே ஒரு வினாடியில் தானாக அணைந்துவிட வேண்டும். இன்னொன்று, மின்சாரம் போய் வந்தால் ரிலே அணைந்த நிலையிலேயே எழ வேண்டும். "கடைசி நிலைக்குத் திரும்பு" என்று இருந்தால் நள்ளிரவில் மின்சாரம் வரும்போது கதவு திறந்துகொள்ளலாம்.

குறுக்கே ஆள் இருந்தால் நிற்பது, முட்டினால் திரும்புவது, வேகத்தைக் கட்டுப்படுத்துவது மூன்றும் கதவின் கன்ட்ரோலருக்குள்ளேயே நடக்க வேண்டும். பாதுகாப்புக்கான கதிர் சென்சாரின் (வழியில் குறுக்கே ஓடும் கதிரை யாராவது மறித்தால் உணரும் சென்சார்) ஒயர் நேராகக் கன்ட்ரோலருக்குப் போகட்டும். அதை வைஃபை வழியாக ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்) அனுப்பி, அங்கிருந்து "நில்" என்று கட்டளை வரக் காத்திருக்கும் அமைப்பை யார் எவ்வளவு அழகாகச் செய்து காட்டினாலும் ஏற்காதீர்கள். ரௌட்டர் ஒரு முறை ரீஸ்டார்ட் ஆகும் நேரம் போதும், விபத்து நடக்க. ஸ்மார்ட் ஹோம் "திற" என்று கேட்கலாம். திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது கதவாக இருக்கட்டும்.

ஹோம் அசிஸ்டன்ட், கூகுள், அலெக்ஸாவில் எந்த வகையாகச் சேர்ப்பது?

ஹோம் அசிஸ்டன்ட்டில் இது "கவர்" என்ற பிரிவில் வரும். திரைச்சீலை, பிளைண்ட், கராஜ் கதவு எல்லாமே அதே பிரிவுதான். அதனால் சாதன வகையை "கதவு" என்று மறக்காமல் தேர்ந்தெடுங்கள். வகை தவறாக இருந்தால், "காலை ஆறரைக்கு எல்லாத் திரைச்சீலையையும் திற" என்று எப்போதோ எழுதி வைத்த ஆட்டோமேஷன் பால்கனிக் கதவையும் சேர்த்துத் திறந்துவிடும். அதோடு, ஹோம் அசிஸ்டன்ட்டிலிருந்து கூகுளுக்கு இணைக்கும்போது கதவு, கேட், கராஜ் என்று குறித்தவற்றைக் குரலால் திறக்க ஒரு ரகசிய எண் (பின் எண்) கேட்கும். பிளைண்ட் என்று குறித்தவற்றுக்குக் கேட்காது.

2022 அக்டோபரில் வந்த முதல் மேட்டர் (வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரம்) பதிப்பில் பூட்டு இருந்தது, ஜன்னல் திரை இருந்தது, மோட்டார் கதவுக்கு என்று தனி வகை இல்லை. அதனால் சில சாதனங்கள் திரை வேஷத்திலேயே ஆப்பில் தோன்றும். வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குரல் கட்டளையில் மூடுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின் எண்ணை ஹாலில் நின்று உரக்கச் சொன்னால் அது பக்கத்து பால்கனிக்கும் கேட்கும்.

மூடினால் பூட்டிக்கொள்ளுமா?

பூட்டாது. மோட்டார் கதவை அழுத்திப் பிடித்திருப்பதைப் பூட்டு என்று எண்ணிவிடாதீர்கள். கையால் தள்ளத் தோதாக இருக்கும் அதே பெல்ட், திருடன் தள்ளினாலும் வரும்.

மின்காந்தப் பூட்டு எளிதாகக் கிடைக்கிறது. 12 வோல்ட், 280 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். கதவின் முன்விளிம்பில் தட்டு நேருக்கு நேர் வந்து ஒட்டும்படி மாட்ட வேண்டும். மின்சாரம் இருக்கும்வரைதான் அது பிடிக்கும். ஆபீஸ் வாசலுக்கு அது பொருத்தம், ஏனென்றால் அவசரத்தில் தானாக விடுபட வேண்டும். தரைத்தள வீட்டின் பின்பக்கக் கதவுக்கு அதையே நம்பியிருக்க முடியாது. மெயினை ஆஃப் செய்தால் கதவும் திறந்துவிடும்.

மோட்டாரில் இயங்கும் கொக்கிப் பூட்டு மேலானது. பூட்டும்போதும் திறக்கும்போதும் மட்டும் மின்சாரம் எடுக்கும், மற்ற நேரத்தில் இருந்த நிலையிலேயே நிற்கும். உள்பக்கம் கையால் திறக்கும் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூட்டு முழுதாக விலகிய செய்தி வந்த பிறகே மோட்டார் இழுக்க வேண்டும். இந்த வரிசை சரியில்லாத இடங்களில் பெல்ட் அடிக்கடி அறுந்துபோகும்.

பழைய கைப்பூட்டைக் கழற்றாதீர்கள். ஊருக்குப் போகும்போது அதைப் போட்டு, மோட்டாரின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகலாம்.

கிட்டே போனாலே தானாகத் திறக்க வைக்கலாமா, மால்களில் இருப்பது போல?

தொழில்நுட்பப்படி சுலபம். மாடி வீடு என்றால் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தவழும் குழந்தை கதவருகே வந்தாலும் சென்சாருக்கு அது ஓர் ஆள்தான். எட்டாவது மாடிப் பால்கனிக் கதவு ஒரு குழந்தைக்காகத் தானாகத் திறக்கிறது என்றால் அதை எந்த வசதிக் கணக்கிலும் சேர்க்க முடியாது. திறப்பது எப்போதும் ஒரு பெரியவர் மனதறிந்து செய்யும் செயலாக இருக்க வேண்டும்: பட்டன், ரிமோட், அல்லது போன். பட்டனை ஒன்றரை மீட்டர் உயரத்தில் வையுங்கள்.

தரைத்தளத்தில் கூடத் தொல்லை உண்டு. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார்கள் கண்ணாடியையும் மெல்லிய திரையையும் தாண்டிப் பார்க்கும். கொடியில் ஆடும் வேட்டிக்குக்கூடக் கதவு திறக்கும். சாதாரண பிஐஆர் சென்சார் உடல் வெப்பத்தைப் பார்ப்பது. அந்த வெப்பக் கதிர் கண்ணாடியைக் கடக்காது, ஆகவே உள்ளே இருக்கும் பிஐஆருக்கு வெளியே நிற்பவர் தெரியமாட்டார்.

மழை வந்தால் தானாக மூடச் சொல்லலாமா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் இதற்குத்தான் முதல் கேட்பு. செய்யலாம், ஆனால் ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். மழை தூறத் தொடங்குகிறது. காய்ந்த துணியை எடுக்க வீட்டம்மா பால்கனிக்கு ஓடுகிறார். அதே தூறலைப் பார்த்துக் கதவு மூடிப் பூட்டிக்கொள்கிறது. போன் சோபாவில். வீட்டில் வேறு யாரும் இல்லை.

இதைத் தவிர்க்க மூன்று ஏற்பாடு வேண்டும். பால்கனியில் ஓர் ஆள் சென்சார் இருந்து, ஆள் இருக்கும்வரை மூடும் கட்டளையை நிறுத்தி வைக்க வேண்டும். மழைக்காக மூடும்போது பூட்டு விழக் கூடாது. வெளிப்பக்கம் தண்ணீர் புகாத ஒரு பட்டன் இருக்க வேண்டும், ஐபி65 தரத்தில். இந்த பட்டனை மட்டும் யாரும் செலவு என்று பார்த்து விட்டுவிட வேண்டாம். பூட்டு விழுந்திருக்கும்போது அது வேலை செய்யாதபடி அமைத்துவிட்டால் திருட்டுப் பயமும் இல்லை.

கோடு கோடாகச் செப்பு தெரியும் மலிவான மழை சென்சார் அட்டைகள் வெளியில் வைத்தால் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். செப்பு வெளியே தெரியாத ஆப்டிகல் வகை வாங்குங்கள்.

கரண்ட் போனால்?

கையால் தள்ளித் திறக்க முடிய வேண்டும், அது முதல் நிபந்தனை. ஆபரேட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். கூடவே ஹோம் அசிஸ்டன்ட் பெட்டியையும் ரௌட்டரையும் அதே லைனில் வையுங்கள். மெயினிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் சில கன்ட்ரோலர்கள் ரீஸ்டார்ட் ஆகும். ஆனதும் ட்ராக்கின் இரு முனையையும் கண்டுபிடிக்கக் கதவைத் தானாக ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பார்க்கும். மாட்டி முடித்ததும் பிரேக்கரை ஆஃப் செய்து, ஆன் செய்து இதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சும்மா காத்திருக்கும்போது 3 வாட் எடுக்கிறது என்று வைத்தால் மாதத்துக்கு இரண்டு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். திறந்து மூட ஆகும் செலவு அதிலும் சொற்பம்.

கொசுவலைக் கதவை என்ன செய்வது?

இரண்டு கண்ணாடியோடு வலைக்கும் ஒரு ட்ராக் இருக்கும் கதவுகளில் எதற்கு மோட்டார் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கண்ணாடி திறந்து வலை மூடியிருந்தால் வீல்சேரில் வருபவருக்குப் பாதி வழிதான் திறந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் கண்ணாடியைப் பகலெல்லாம் திறந்து வைத்துவிட்டு, எடை குறைந்த வலைக்கு மோட்டார் போடுவது பல விதத்திலும் புத்திசாலித்தனம். விசை குறைவு, ஆபத்தும் குறைவு. சூரியன் மறைய அரை மணி முன்னால் மூடச் சொல்லிவிட்டால் கொசு நேரத்துக்கு முன் வேலை முடிந்துவிடும்.

அம்மா வீல்சேரில் இருக்கிறார். தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

மோட்டாருக்கு முன் ட்ராக்கின் உயரத்தை அளந்து பாருங்கள். பல வீடுகளில் தரையிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும். சக்கரம் அதில் இடித்து நின்றால் கதவு திறந்து என்ன பயன்? இரு பக்கமும் சின்னச் சரிவுப் பலகை போடுங்கள், வடிகால் துளையை மறைக்காமல்.

பட்டன் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கட்டும், முழங்கையால் தட்டினாலும் வேலை செய்யும்படி. வீட்டில் சிறு குழந்தையும் இருந்தால் உயரமான பட்டன் உதவாது, அம்மாவின் நாற்காலியிலேயே ஒரு ரிமோட்டைக் கட்டி வையுங்கள். திறந்தபடி நிற்கும் நேரத்தை அவர் கடக்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்காக வையுங்கள். அதற்கும் மேலாக, பட்டன் அழுத்தினால் மட்டும் மூடும்படி வைத்துவிடலாம். தானாக மூடும் கதவைப் பார்த்து அவசரப்படுவது முதியவர்கள் விழுவதற்கு ஒரு காரணம். கதிர் சென்சார் இரண்டு உயரத்தில் வேண்டும்: கால் மிதிப்பலகை மட்டத்தில் ஒன்று, கைப்பிடி மட்டத்தில் ஒன்று. ஒன்றே வைத்தால் நாற்காலிச் சக்கரத்துக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைக் கதிர் கடந்து போய்விடலாம்.

முதல் வாரம் அவர் கூடவே இருந்து பழக்கிவிடுங்கள்.

நாய்க்காகத் திறக்க வைக்கலாமா?

கழுத்துப்பட்டையில் மாட்டும் டேக் வைத்துச் செய்யலாம், தோட்டம் உள்ள தரைத்தள வீட்டில். கதவு நாய் அகலத்துக்கு மட்டும், முப்பது சென்டிமீட்டர் போலத் திறந்தால் போதும். இரவில் அணைத்து வையுங்கள்.

கனடாவில் இருக்கிறோம். குளிர்காலத்தில் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் காற்றுப் புகாமல் தடுக்கும் பட்டைகள் குளிரில் இறுகி உராய்வு கூடும். வெளி ட்ராக்கில் பனி உறைந்தால் கதவு ஒட்டிக்கொள்ளும். தராசுச் சோதனையைக் குளிர்நாளிலும் ஒரு முறை செய்து, விசை எல்லையை அதை வைத்துச் சரிபாருங்கள். ட்ராக்கில் பாதுகாப்புக்காக மரக்கட்டை போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கட்டை கிடக்கும்போது மோட்டார் இழுக்காதபடி ஒரு சென்சார் வைக்க மறக்காதீர்கள்.

பராமரிப்பு?

ட்ராக்கை வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டி, வாக்குவம் போடுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், தூசி ஒட்டி மாவாகிவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும். பெசன்ட் நகர், ஈசிஆர் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் ரோலரின் பேரிங் உப்பில் சீக்கிரம் போகும், ஸ்டெயின்லெஸ் ரகம் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை, மூடும் கதவின் குறுக்கே ஒரு காலி அட்டைப் பெட்டியை வைத்துப் பாருங்கள். பெட்டி நசுங்காமல் கதவு திரும்பிப் போக வேண்டும். நசுங்கினால் அன்றே மோட்டாரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வாடகை வீடு. துளை போட முடியாது.

அப்படியானால் ஒட்டும் கான்டாக்ட் சென்சார், ஏசி அணைக்கும் ஆட்டோமேஷன், இரவு நினைவூட்டல், நல்ல ரோலர். ரோலர் மாற்ற வீட்டுக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார், கதவு அவருடையதுதானே.